உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சி: பயம் வேறு, ஆபத்து வேறு

ஐப்பசி மழை பிடித்ததும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று, சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும் எட்டுக்கால் பூச்சி. இன்னொன்று, ‘கொடிய விஷச் சிலந்தி, கடித்தால் உயிர் போகும், உடனே எல்லோருக்கும் அனுப்பவும்’ என்று வாட்ஸ்ஆப்பில் வரும் ஒரு படம். படத்தில் இருப்பதும் சுவரில் இருப்பதும் ஒரே பூச்சிதானா என்று நின்று பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போக வேண்டுமே!

பாம்பனிலோ கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ, இந்தப் பூச்சிக்குப் பயந்து ராத்திரி தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காதவர்கள் உண்டு. ஆண்கள் கடலுக்குப் போய்விட்ட வீட்டில், கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகாமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறவர்களும் உண்டு. வெளியே சொன்னால், “அடி போடி, ஒரு பூச்சிக்குப் போயா இந்தக் கூப்பாடு?” என்று சிரிப்பார்கள். பயந்தவரைப் பார்த்துச் சிரிப்பதும் தவறு, படத்தைப் பார்த்துப் பதறுவதும் தவறு. இரண்டுமே பயத்தையும் ஆபத்தையும் ஒரே மூட்டையில் கட்டுகின்றன. மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

## சுவரில் இருப்பது யார்?

வீட்டுக்குள் வரும் எட்டுக்கால் பூச்சிகள் மோட்டாவாக இரண்டு வகை: வலை கட்டுபவை, கட்டாதவை. மூலையில் ஒட்டடை சேர்ப்பது முதல் வகை. நூல் மாதிரி நீண்ட கால், கடுகு மாதிரி உடம்பு. தொட்டால் வலையிலேயே கிடுகிடுவென்று ஆடும். இதற்கு யாரும் அலறுவதில்லை. ஒட்டடைக் கம்பால் ஒரு சுற்று, அவ்வளவுதான்.

அலற வைப்பது இரண்டாம் வகை. இது வலை கட்டி உட்கார்ந்திருக்காது. ராத்திரியில் ஓடிப் பிடித்துத் தின்னும். வேட்டைச் சிலந்தி என்று சொல்லலாம். அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. 1767-இல் லின்னேயஸ் இதை விவரித்துப் பெயர் வைத்தார். வெனடோரியா என்றாலும் வேட்டைக்காரி என்றுதான் பொருள். வெப்பமண்டல ஆசியாவைச் சேர்ந்தது என்று கருதப்படும் இந்த இனம், கப்பல் சரக்கோடு ஏறி உலகத்தின் வெப்பப் பகுதிகள் எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. துறைமுகப் பழக்கம் உள்ள பூச்சி, நம் கரைக்கு ஒன்றும் அந்நியமில்லை.

அடையாளங்கள்:

1. உடம்பு 2 முதல் 3 செ.மீ. நீளம்தான். கால்களை விரித்தால் 7 முதல் 12 செ.மீ. வரும். ‘இவ்வளவு பெரிசு’ என்று கையை விரித்துக் காட்டுகிறோமே, அதில் பெரும்பகுதி வெறும் கால்.
2. உடம்பு அப்பளம்போலத் தட்டை. கால்கள் நண்டுக்கு இருப்பதுபோலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். அதனால்தான் நாள்காட்டி அட்டைக்குப் பின்னாலும் கதவிடுக்கிலும் சுலபமாக நுழைகிறது.
3. முகத்தில் கண்களுக்குக் கீழே வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பட்டை ஓடும்.
4. முட்டையிட்ட பெண் சிலந்தி, வயிற்றுக்குக் கீழே வட்டமான வெள்ளை வில்லை ஒன்றைத் தூக்கிக்கொண்டே திரியும். ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் அதுதான் முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள்.

ராத்திரி 2 மணிக்கு விளக்கைப் போடுகிறீர்கள். நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு கால் மட்டும் வெளியே தெரிகிறது. மின்விசிறிக் காற்றில் தேதித் தாள் படபடக்கிறது; அந்தக் கால்கள் அசைவதில்லை. ஒரு அடி எடுத்து வைத்ததும் முழு உருவமும் வெளியே வந்து, சுவரில் ஒரு முழ தூரம் சரேலென ஓடி, அப்படியே சிலையாக நின்றுவிடுகிறது. எந்தப் பக்கம் ஓடும், எப்போது ஓடும் என்று தெரியாத அந்த நொடிதான் பயத்தின் உச்சம்.

அது ஓடுவது உங்களைக் குறிவைத்து அல்ல. இதன் உலகம் பெரும்பாலும் அதிர்வுகளால் ஆனது. காலடி அதிர்ந்தால் பக்கத்தில் உள்ள இருட்டைத் தேடி ஓடும். நடு அறையில் நிற்கும் மனிதரின் சேலை மடிப்பும் நிழலும் அதற்கு ஒரு ஒளிவிடம், அவ்வளவுதான். ‘என்னையே துரத்தியது’ என்ற அனுபவம் பலருக்கு இப்படித்தான் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம். செத்த எட்டுக்கால் பூச்சியின் கால்கள் உள்பக்கமாகச் சுருண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முக்கியமான மூட்டுகளில் காலை மடக்கத்தான் அதற்குத் தசை உண்டு, நீட்டுவதற்கு இல்லை. உடம்புத் திரவத்தை அழுத்தி உள்ளே செலுத்தித்தான் காலை நீட்டுகிறது, மண் அள்ளும் ஜேசிபியின் கை நீள்வதுபோல. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், கால் சுருண்டுவிடும். சுவரில் அது கால்களை விறைப்பாக விரித்து நிற்பதற்கும் இந்த அழுத்தம்தான் காரணம்.

## அப்போ, வாட்ஸ்ஆப் படத்தில் இருப்பது?

அது பெரும்பாலும் டாரன்டுலா எனப்படும், முடி அடர்ந்த பெரிய சிலந்திகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த மாவட்டத்துக்கு அதில் ஒரு தனிப் பெருமையே உண்டு. பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்ற மரச்சிலந்தி, ராமேஸ்வரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கண்டறியப்பட்டு, 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவரால் விவரிக்கப்பட்டது. பெயரிலேயே அந்தக் கோயில் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவையும் அதையொட்டிய கரையையும் விட்டால், எதிர்க்கரையில் இலங்கையின் மன்னார்ப் பக்கம் பதிவாகியிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை ‘மிக அருகிவிட்ட இனம்’ என்று வகைப்படுத்தியது. தோப்புகள் வீட்டு மனைகளாவதுதான் இதற்கு முதல் எதிரி. செல்லப் பிராணியாக வெளிநாட்டில் விற்பதும் நடந்ததால், 2019-இல் பொய்சிலோதீரியா பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) முழுவதையும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வர்த்தக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இதை வேட்டைச் சிலந்தியிடமிருந்து பிரித்தறிவது கடினமில்லை. மரச்சிலந்திக்குத் தடித்த கால், அடர்ந்த முடி, முதுகில் சாம்பல் நிறத்தில் கோலம் போட்ட மாதிரி ஒரு வடிவம். வாழுமிடம் பழைய புளிய மரங்களின் பொந்து. பல் அமைப்பும் வேறு: டாரன்டுலாவின் இரண்டு பற்களும் கடப்பாரைபோல மேலிருந்து கீழே குத்தும், வேட்டைச் சிலந்தியின் பற்கள் இடுக்கிபோலப் பக்கவாட்டில் சேரும். இதைப் பார்க்கும் அளவுக்கு யாரும் கிட்டே போகத் தேவையில்லை. சமையலறைச் சுவரில் தட்டையாக ஒட்டியிருந்தால் அது வேட்டைச் சிலந்தி; புளியமரப் பொந்து வாயில் முடியோடு உட்கார்ந்திருந்தால் அது மற்றது.

மரச்சிலந்தியின் கடி லேசானதல்ல. இந்தப் பேரினத்தை வளர்த்தவர்களைக் கடித்தபோது கடும் வலியும், சில சமயம் நாள்கணக்கில் தசைப்பிடிப்பும் வந்ததாக மருத்துவக் குறிப்புகள் உண்டு. உயிர் போனதாகப் பதிவு இல்லை. மரப் பொந்துக்குள் கையை விடாமல் இருந்தால் போதும்.

## கடித்தால் என்ன ஆகும்?

உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு, ஏனென்றால் அதுதான் அவை இரையை மயக்கும் கருவி. கரப்பானை மயக்கும் அளவு வேறு, 60 கிலோ மனிதரைப் பாதிக்கும் அளவு வேறு. மனிதருக்கு மருத்துவ ரீதியில் பொருட்படுத்த வேண்டிய இனங்கள் மிகக் குறைவு. வேட்டைச் சிலந்தி அந்தப் பட்டியலில் இல்லை. கையால் அமுக்கினாலோ, முட்டைப் பையோடு இருக்கும்போது சீண்டினாலோ கடிக்கும். குளவி கொட்டியதுபோல வலி, சிவப்பு, கொஞ்சம் வீக்கம், பிறகு தணிந்துவிடும்.

கடித்துவிட்டால்:

1. சோப்புப் போட்டுக் கழுவவும்.
2. துணியில் ஐஸ் வைத்து ஒத்தடம். வலி இருந்தால் பாரசிட்டமால்.
3. கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, சுண்ணாம்பு வைத்துச் சுடுவது எதுவும் வேண்டாம்.
4. தசைப்பிடிப்பு, அதிக வியர்வை, மூச்சுத் திணறல், பரவும் வீக்கம், அல்லது கடிபட்டது சின்னக் குழந்தை என்றால் மருத்துவமனை.

‘விஷ ஊசி போடுங்கள்’ என்று மருத்துவரிடம் வாதாடுவதிலும் பயனில்லை. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கானது. சிலந்திக்கு அது வேலை செய்யாது.

கீறக் கூடாது என்ற மூன்றாவது குறிப்புக்கு ஒரு காரணம் உண்டு. 2012-இல் அசாமின் சதியா பகுதியில் ‘கொலைகாரச் சிலந்தி’ என்று நாடெங்கும் செய்தி பரவியது. இரண்டு பேர் இறந்ததாகவும், அவர்களின் காயத்தை உள்ளூர் வைத்தியர்கள் பிளேடால் கீறியதாகவும் செய்திகள் வந்தன. சிலந்தி விஷம்தான் உயிரைக் குடித்தது என்பது உறுதியாகவே இல்லை. தலைப்புச் செய்தி மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

## சிலந்தியின் பெயரில் ஒளியும் நோய்கள்

நம் ஊரில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில் சிலந்தி என்ற சொல் பூச்சியை மட்டும் குறிப்பதில்லை. சீழ் கோத்த கட்டிக்கும் அதே பெயர் உண்டு. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோயும் இருந்தது: குடிநீர் வழியாக உடம்புக்குள் போகும் கினிப் புழு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துக் காலில் புண்ணாகி, அதன் வழியே நூல் மாதிரி வெளியே வரும். படியிறங்கி அள்ளும் நீர்நிலைகளை நம்பியிருந்த வறண்ட ஊர்களின் நோய் அது. இந்தியாவில் அது ஒழிந்துவிட்டதாக 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோய் போய்விட்டது. ஆனால் புண், சீழ், சிலந்தி மூன்றும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட பழைய நினைப்பு போகவில்லை. காலையில் எழுந்ததும் தோலில் கொப்புளம் தெரிந்தால், “எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிருக்கும்” என்று சொல்லிவிடுகிறோம். பூச்சியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கொப்புளம் என்னவாக இருக்கலாம்?

1. ஆசிட் பூச்சி. எறும்பைவிடச் சற்று நீளமாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும் சின்ன வண்டு. மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊரும்போது தட்டி நசுக்கினால், உடம்பில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலில் படும். ஒன்றிரண்டு நாளில் கோடு இழுத்த மாதிரி சிவந்து எரிந்து கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால், மடியும் இரண்டு பக்கமும் ஒரே அச்சாகப் புண் வரும். சிலந்தி ‘ஒண்ணுக்குப் போன’ கதைகளில் பல இதுதான்.

2. அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டை கட்டியதுபோல வரிசையாகக் கொப்புளம், அதற்கு முன்பே அங்கே சுருக்சுருக்கென்று வலி. சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து மறுபடி எழுவது இது. காவி எழுதிக்கொள்வது ஊர் வழக்கம். எழுதுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ‘சிலந்திதான்’ என்று நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். கண் பக்கம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

3. உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ இருப்பதே தெரியாது. கூடவே விடாத காய்ச்சல், தலைவலி. டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்தில் குணமாகும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம்வரை போகும். கறுப்புப் பொருக்கும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ‘எட்டுக்கால் பூச்சி’ என்ற பேச்சை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

4. சர்க்கரை நோயாளியின் சீழ்க்கட்டி. இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தானாக ஆறும் என்று காத்திருக்கக் கூடாது.

ஐந்தாவதாக ஒன்று, இந்தக் குழப்பத்தின் மறுபக்கம். தரையில் பாய் விரித்துப் படுத்தவரை ராத்திரி ஏதோ கடிக்கிறது. பெரிய வலி இல்லை, தடமும் தெரியவில்லை. ‘பூச்சியாக இருக்கும்’ என்று மறுபடி படுத்துவிடுகிறார். தூங்குகிறவரின் சூடுள்ள பாயும் இருட்டும் கட்டுவிரியனுக்குச் சாதகம். அதன் கடி பல சமயம் இப்படித்தான் இருக்கும். கடித்தது எது என்று கண்ணால் பார்க்கவில்லை; வயிற்று வலி, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது இவற்றில் ஏதாவது ஒன்று தெரிகிறது என்றால், ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுவரில் தெரியும் பூச்சிக்கு அலறுகிறோம், பாய்க்கடியில் தெரியாமல் வந்ததைப் பூச்சி என்று விட்டுவிடுகிறோம். பயம் கை காட்டும் திசையில் ஆபத்து இல்லை.

## சரி, ஆபத்து இல்லையென்று தெரிந்தும் ஏன் உதறுகிறது?

மேலே சொன்னதெல்லாம் தெரிந்தவருக்கும் அடுத்த தடவை நெஞ்சு படபடக்கும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. மூளையில் அமிக்டலா என்ற பகுதி, என்ன ஏது என்று நாம் யோசித்து முடிக்கும் முன்பே மணியடித்துவிடுகிறது. இதயம் வேகமெடுக்கும், கை வியர்க்கும், கால் பின்வாங்கும். தகவல் போய்ச் சேர்வதற்குள் உடம்பு ஓடத் தயாராகியிருக்கும். அதனால்தான் ‘அது ஒண்ணும் செய்யாது’ என்று ஆயிரம் தடவை சொன்னாலும் பயந்தவருக்கு அது ஆறுதலாவதில்லை.

இது பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா? இரண்டும் கலந்தது. 1971-இல் மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர், சில பயங்களைச் சுலபமாகக் கற்றுக்கொள்ளும்படி மனித மூளை முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்று வாதிட்டார். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 6 மாதக் குழந்தைகளுக்குப் பூ, மீன் படங்களோடு சிலந்தி, பாம்புப் படங்களையும் காட்டினார்கள். சிலந்தியையும் பாம்பையும் பார்த்தபோது கண்மணி கூடுதலாக விரிந்தது. அது பயம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஒரு விழிப்பு. மீதியை வீடு கற்றுக்கொடுக்கிறது. சூசன் மினெக்கா 1980களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைக் காட்டின: பாம்பையே பார்த்திராத குரங்கு, இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு பயப்படுவதைப் பார்த்தே அந்தப் பயத்தைக் கற்றுக்கொண்டது. பூவைக் கண்டு பயப்படுவதுபோல வெட்டி ஒட்டிய காட்சியைக் காட்டினால் கற்றுக்கொள்ளவில்லை. அம்மா ஒரு தடவை அலறிக்கொண்டு கட்டில்மேல் ஏறினால், பிள்ளைக்கு அந்த ஒரு பாடமே போதுமாக இருக்கலாம்.

சிலந்தி என்றாலே அருவருப்பு என்ற பேச்சும் முழு உண்மையல்ல. சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் கட்டிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது என்று திருவானைக்காவல் தலபுராணம் சொல்கிறது. அந்தக் கதையைக் கேட்கும்போது யாருக்கும் உடம்பு கூசுவதில்லை. கதைச் சிலந்தி சரேலென ஓடாது, அதுதான் வசதி.

பயத்துக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. அது அளவைப் பெருக்கும். 2012-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலந்திப் பயம் உள்ளவர்களை உயிருள்ள டாரன்டுலாவுக்கு அருகில் போகச் சொல்லி, பிறகு அதன் அளவைக் கோடு வரைந்து காட்டச் சொன்னார்கள். யாருக்குப் பயம் அதிகமோ, அவர் வரைந்த கோடும் நீளம். ‘தட்டு அளவுக்கு இருந்துச்சு’ என்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

எல்லாவற்றையும்விடப் பயத்தை வளர்ப்பது தவிர்ப்புதான். கணக்கு இப்படிப் போகிறது: பூச்சியைப் பார்த்ததும் பயம் ஏறுகிறது, அறையைவிட்டு ஓடியதும் பயம் இறங்குகிறது, ‘ஓடியதால் தப்பித்தேன்’ என்று மூளை எழுதிக்கொள்கிறது. நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த தடவை அறையைவிட்டு ஓடியது போதாமல், அந்த அறைக்கே போகத் தோன்றாது. அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் டார்ச் அடித்து நான்கு சுவரையும் தேடுவது, மகனை முதலில் அனுப்பிப் பார்ப்பது, துடைப்பத்தைக் கையிலேயே வைத்திருப்பது எல்லாம் இதே ஓட்டத்தின் வேறு வடிவங்கள்.

## எப்போது இதை நோய் என்று சொல்வது?

பயம் எல்லோருக்கும் உண்டு. 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, தூக்கம், வேலை, சமையல், பிறர் வீட்டுக்குப் போய் வருவது இவற்றைக் கெடுத்தால், மருத்துவம் அதைக் ‘குறிப்பிட்ட அச்சக்கோளாறு’ (ஏதோ ஒன்றின் மேல் மட்டும் வரும் கடும் பயம்) என்று வகைப்படுத்துகிறது. சிலந்திக்கானதை அராக்னோஃபோபியா என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இத்தகைய அச்சங்கள் அதிகம் காணப்படுகின்றன. இதற்கு முதல் சிகிச்சை மருந்தல்ல. மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது அன்றைய ராத்திரியைக் கடத்தும். பயம் அப்படியே இருக்கும், மாத்திரைப் பழக்கம் புதிதாகச் சேரும்.

நிரூபணமான சிகிச்சை, படிப்படியாக எதிர்கொள்வது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஊஸ்ட், அதிகபட்சம் 3 மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் இதைச் செய்யும் முறையை 1989-இல் வெளியிட்டார். சிலந்திப் பயத்துக்கு அது நல்ல பலன் தந்தது. பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டிய முறை அது. லேசான, நடுத்தரப் பயம் உள்ளவர்கள் அதே கொள்கையை வீட்டில் மெதுவாகச் செய்யலாம். ஏணியின் படிகள் இப்படி:

1. நாள்காட்டி, கழிப்பறை, தனி இருட்டு என்று எதெது எவ்வளவு பயம் தருகிறது என்பதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துங்கள். 3 வாங்கியதிலிருந்து தொடங்குங்கள், 9-இலிருந்து அல்ல.
2. கோட்டுப் படம், பிறகு புகைப்படம். முதலில் படத்தின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக வெளியே விடுங்கள். கேலிக்கூத்தாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும்.
3. ஓடும் காணொளி. ஒலியில்லாமல் ஒரு தடவை, ஒலியோடு ஒரு தடவை.
4. செத்த பூச்சியை மூடிய கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, அறையின் மறுகோடியிலிருந்து தொடங்கி நாளுக்கு ஒரு அடி நெருங்குவது.
5. உயிருள்ளது பாட்டிலுக்குள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வது, வலை முடிச்சுப் போடுவது மாதிரி வழக்கமான கைவேலை.
6. சுவரில் இருக்கும்போது அறையிலேயே இருப்பது.

ஒவ்வொரு படியிலும் ஒரு விதி: பயம் உச்சத்தில் இருக்கும்போது விலகாதீர்கள். அது பாதியாகும்வரை நில்லுங்கள். முன்கூட்டியே ஒரு வரி எழுதுங்கள், ‘என் மேல் பாயும்’ என்று. முடிந்தபின் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள், ‘20 நிமிடம் அசையவே இல்லை’ என்று. இரண்டு வரிக்கும் உள்ள இடைவெளியில்தான் மூளை பாடம் கற்கிறது. வீட்டார் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: விளையாட்டுக்குக்கூடப் பூச்சியைக் கையில் பிடித்துக் காட்டித் துரத்துவது. பத்து நாள் ஏறிய ஏணியிலிருந்து ஒரே தள்ளில் கீழே விழ அது போதும்.

இதைத் தனியாகச் செய்ய முடியவில்லை, அல்லது மூச்சடைப்பு, மயக்கம் அளவுக்குப் போகிறது என்றால் உதவி கேட்கலாம். மனநல மருத்துவர் என்றாலே இந்த மாவட்டத்தில் சங்கிலியும் ஏர்வாடியும்தான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, கட்டிப்போடப்பட்டிருந்த நோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தது அப்படிப்பட்ட வடு. பூச்சிப் பயத்துக்கு ஆலோசனை கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

## வீட்டில் செய்ய வேண்டியது

வேட்டைச் சிலந்தி வருவது கரப்பானுக்காக. கரப்பான் வருவது திறந்த கழிவுக்குழிக்கும், மூடாத கருவாட்டுப் பானைக்கும், அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஜன்னலுக்கும் காற்றுத் துளைக்கும் கொசு வலை, கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, விறகையும் பனை மட்டையையும் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி வைப்பது, வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு. ஓட்டு வீட்டிலும் ஓலைக் கூரையிலும் எல்லா ஓட்டையையும் அடைக்க முடியாது. அங்கே கொசு வலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு படுப்பதே நடைமுறை. அது கட்டுவிரியனுக்கும் நல்ல தடுப்பு.

பூச்சி மருந்து அடிப்பது பயந்தவருக்கு உதவாது. மருந்து பட்ட சிலந்தி உடனே சாகாது. தள்ளாடி, சுவரிலிருந்து தொப்பென்று விழுந்து, தாறுமாறாக ஓடும். எதற்குப் பயந்தோமோ அதுவே கண்முன் நடக்கும். அடுப்பு எரியும் சமையலறையில் அடித்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

வெளியேற்ற ஒரு பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவும் பழைய நாள்காட்டி அட்டையும் போதும். டப்பாவை மெதுவாக, கால்கள் முழுதும் உள்ளே அடங்கும்படி சுவரோடு கவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பில் கால் நசுங்கும். அட்டையைச் சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் செருகி, சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேலிப்பக்கம் போய், டப்பாவைப் படுக்க வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நில்லுங்கள். வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை இருந்தால் அது பெண். அதைக் கீழே போடாமல் தூக்கிக்கொண்டேதான் இறங்கும், அதனால் கொஞ்சம் நேரமெடுக்கும்.